முத்திரை இருக்கும் தராசுக்குக் கேலிப்ரேஷன் சான்றிதழும் வேண்டுமா?

கேள்வி

தேனிக்கு அருகே ஊறுகாய் தயாரிப்புக் கூடம் நடத்துகிறோம். 30 கிலோ வரை நிறுக்கும், ஐந்தைந்து கிராமாக எடை காட்டும் (5 கிராம் படி கொண்ட) மின்னணுத் தராசுகள் இரண்டு உள்ளன. மாங்காய், உப்பு நிறுப்பது, 500 கிராம் பாட்டில்களைச் சரிபார்ப்பது, 100 கிலோ கலவைக்கு 20 கிராம் சோடியம் பென்சோயேட் (கெடாமல் காக்கும் பொருள்) எடுப்பது எல்லாம் இவற்றில்தான். ஆண்டுதோறும் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை பெற்றுவிடுகிறோம். ஆனால் எங்கள் சரக்கை வாங்க முன்வந்துள்ள ஏற்றுமதி நிறுவனத்தின் தணிக்கையாளர், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் கேலிப்ரேஷன் சான்றிதழையும் கேட்கிறார். அரசு முத்திரை இருக்கும்போது இது எதற்கு? தராசை ஆய்வகத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா?

மறுமொழி 1

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதால், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி இடப்படும் முத்திரை, தராசின் பிழை வரம்புக்குள் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. உங்கள் தராசு துல்லியத்தில் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்ததாக இருந்தால், முத்திரையிடும்போது 2.5 கிலோ வரை 2.5 கிராமும், அதற்குமேல் 10 கிலோ வரை 5 கிராமும், அதையும் தாண்டினால் 7.5 கிராமும் கூடவோ குறையவோ இருக்கலாம். பயன்பாட்டில் இருக்கும்போது இதில் இரு மடங்கு வரை பொறுத்துக்கொள்ளப்படும். கேலிப்ரேஷன் சான்றிதழோ, ஒவ்வொரு எடையிலும் எத்தனை கிராம் விலகல் உள்ளது, அந்த அளவீட்டின் நிச்சயமின்மை (அந்த எண்ணே எவ்வளவு முன்பின் இருக்கக்கூடும்) எவ்வளவு என்பதை எண்களாகத் தருகிறது.

தராசைத் தூக்கிச் செல்ல வேண்டாம். ஆய்வகத்தாரை உங்கள் கூடத்துக்கே வரச் சொல்லுங்கள். தராசுக்குள் எடையை உணரும் பாகமான லோட் செல் உணர்வது பொருள் அழுத்தும் விசையைத்தான் என்பதால், இடம் மாறினால் கணக்கும் மாறும். அடிவாரத்தில் சரிசெய்த தராசைக் கொடைக்கானலுக்குக் கொண்டுசென்றால், 30 கிலோவில் பத்து கிராமுக்குமேல் குறைத்துக் காட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வகைத் தராசில் நிறுக்கத்தக்க குறைந்தபட்ச எடை 20 படிகள், அதாவது 100 கிராம். அதில் 20 கிராம் பென்சோயேட் நிறுப்பதை எந்தச் சான்றிதழாலும் காப்பாற்ற முடியாது. ஒரு படி முன்பின் ஆனாலே கால் பங்கு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். உச்ச வரம்பு உள்ள பொருளாயிற்றே! 0.1 கிராம் படியுள்ள சிறு தராசு ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். சான்றிதழ் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. இடைப்பட்ட நாள்களுக்குப் பதிவேடுதான் பேசும். எம்1 என்னும் துல்லிய வகுப்பில் சான்று பெற்ற 500 கிராம், 5 கிலோ எடைக்கற்களைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, வேலை தொடங்குமுன் நிறுத்துப் பார்த்து எழுதச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை, 10 கிலோவைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி வைத்துப் பாருங்கள். ஊறுகாய்க் கூடங்களில் உப்புநீர் தட்டுக்கு அடியில் இறங்கிக் காய்ந்து கட்டியாகிவிடுவதால், ஒரு மூலை மட்டும் எடை குறைத்துக் காட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மின்விசிறியை நிறுத்தாமல் சோதிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சோதனையில் விலகல் தெரிந்தால் எங்கள் மெக்கானிக்கே சரிசெய்துவிடலாமா?

மறுமொழி 1

கூடாது, ஐயா. முத்திரையை உடைத்தால்தான் உள்ளே திருத்த முடியும். உடைத்துவிட்டால், மறுமுத்திரை பெறும்வரை அதை வணிகத்துக்குப் பயன்படுத்த இயலாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதற்கு முன்பே, கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு நிறுத்த பாட்டில்களைத் தனியே ஒதுக்கி, வேறு தராசில் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 500 கிராம் பொதிக்கு 15 கிராம் வரை குறைவு அனுமதிக்கப்பட்டாலும், சராசரி எடை 500க்குக் கீழே போகக்கூடாது. ஐஎஸ்ஓ 22000 என்னும் உணவுப் பாதுகாப்புத் தரநிலைக்கான தணிக்கையாளர் முதலில் புரட்டிப் பார்ப்பதும் இந்தப் பதிவைத்தான்.