பெரிய வீடு (குடும்பம் மட்டும்)

சாந்தி அத்தை: ஞாயித்துக்கிழமை பதினாறாம் நாள் காரியம். ஃபிரேம் கடைக்காரரு நாளைக்குக் காலைலயே படம் வேணும்ங்காரு. ஆச்சி நல்லா இருக்க படமா அனுப்புங்க

விஜி: 📷 இது? 2014 கல்யாணம். ஆச்சி சிரிக்கது இது ஒண்ணுதான்

கணேசன் மாமா: முகமே தெரியலையே

ராமு சித்தப்பா: ஆதார் படத்தைப் போடுங்க, ஜோலி முடிஞ்சுது

சாந்தி அத்தை: அதுல அம்மா யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்காவ. வேண்டாம்

முரளி: பின்னால மண்டப வாசல் வெயில். கேமரா அந்த வெளிச்சத்துக்கு அளவு வச்சதுல முன்னால நிக்க ஆச்சி இருட்டாயிட்டாங்க. முகம் உள்ள இருக்கும், எடுத்துரலாம். விஜி, இதைப் படமா அனுப்பாத, டாக்குமெண்டா அனுப்பு. படமா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிரும், இருட்டுல இருக்க நுணுக்கந்தான் முதல்ல சாகும்

சாந்தி அத்தை: பேச்சைப் பாத்துப் பேசுடே

முரளி: சாரி அத்தை

விஜி: 📷 நானே ஸ்நாப்ஸீட் ஆப்ல இருட்டை ஏத்துற ஷேடோஸ நூறு வச்சேன்

கணேசன் மாமா: சிமெண்ட் பூசின மாதிரி இருக்கு

முரளி: கட்டம் கட்டமா தெரியுதா? ஜேபெக், அதான் சாதாரண ஃபோட்டோ ஃபைல், படத்தை 8க்கு 8 புள்ளியா வெட்டித்தான் சுருக்கும். ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 வெளிச்சப் படி, அதுல இருட்டுக்குக் கிடைக்கது கொஞ்சம். அதைப் போட்டு இழுத்தா கட்டமும் புள்ளியும்தான் வரும். ரா ஃபைல்னா கேமரா பதிஞ்சது அப்படியே இருக்கும், பெரும்பாலும் 12 இல்ல 14 பிட். 14ன்னா 16,384 படி. அது இருந்தா பேச்சே வேற. எடுத்தது யாரு?

விஜி: செல்வம் பெரியப்பா கேமரா

ராமு சித்தப்பா: போச்சு

ராமு சித்தப்பா: சாம்பல் அள்ளின காடாத்து அன்னைக்கே அண்ணன் முகம் கொடுத்துப் பேசலை

கணேசன் மாமா: ஏஐ ஆப்ல போட்டேன் 📷

சாந்தி அத்தை: இது யாரு??

முரளி: மாமா, அது இல்லாததை அதுவா வரைஞ்சு வைக்கும். சுத்தக் கறுப்பா பதிஞ்ச இடத்துல எடுக்க ஒண்ணும் கிடையாது, அதான் யாரோ ஒருத்தர் முகத்தை ஒட்டிருக்கு

காவ்யா: அண்ணா, ரா ஃபைல் அப்பா ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. டிரைவ்ல ஏத்திட்டேன். நான் கொடுத்தேன்னு வெளிய சொல்லாதீங்க

ராமு சித்தப்பா: இங்க சொல்லிட்டு வெளிய சொல்லாதீங்கன்னா

முரளி: 📷 இப்ப பாருங்க. ஷேடோஸ் 60தான். கூடவே அடிக் கறுப்பை, அதான் பிளாக்ஸை, கொஞ்சம் கீழ இறக்கினேன், இல்லன்னா கறுப்பெல்லாம் வெளிறி சாம்பலாயிரும். முகத்துக்கு மட்டும் தனியா பிரஷ். இருட்டை ஏத்தினா சிவப்பு பச்சைப் புள்ளி கிளம்பும், அதுக்குக் கலர் நாய்ஸைக் குறைச்சேன். ரொம்பக் குறைச்சா தோல் மெழுகு மாதிரி ஆயிரும், அதனால சுருக்கத்தை விட்டுட்டேன்

சாந்தி அத்தை: அம்மா 😭

விஜி: மூக்குத்தி மின்னுது!! காதுல பாம்படம் கூடத் தெரியுது

கணேசன் மாமா: அந்தப் பாம்படம் இப்ப யார்ட்ட இருக்கு?

ராமு சித்தப்பா: நல்ல கேள்வி

விஜி: செல்வம் பெரியம்மாட்டன்னு கேள்வி

காவ்யா: எங்க அம்மாட்ட இல்ல

ராமு சித்தப்பா: மூத்த மருமகளுக்குன்னு அம்மா சொன்னது எனக்குத் தெரியும்

சாந்தி அத்தை: உனக்கு எப்பச் சொன்னாவ? எனக்குச் சொல்லலையே

காவ்யா: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

முரளி: எல்லாரும் கொஞ்சம் படத்தைப் பாருங்களேன். ஃபோன் வெளிச்சத்தைப் பாதியாக் குறைச்சுட்டுப் பாருங்க. திரைல சரியா இருக்கது தாள்ல இன்னும் இருட்டா வரும். முதல்ல சின்னதா ஒரு பிரிண்ட் போடச் சொல்லணும்

கணேசன் மாமா: பக்கத்துல நிக்கது ராமு கைதானே? வெட்டிரு

ராமு சித்தப்பா: என் கையை ஏன் வெட்டணும்

சாந்தி அத்தை: முரளி, கடைக்காரரு கேக்காரு. 12க்கு 18ஆ, 16க்கு 20ஆ?

முரளி: 12க்கு 18 போதும். பெருசாக்கினா புள்ளி தெரியும்

ராமு சித்தப்பா: பெருசாப் போடுங்க. எங்க அப்பா படம் பெருசுல்லா

சாந்தி அத்தை: அப்ப செல்வத்துட்ட யாரு கேக்கது?

விஜி: எதை? அளவையா, பாம்படத்தையா?