நாஷ்வில் பார்த்தினான்: நகலுக்கு இவ்வளவு மரியாதை தேவையா?

கறார்பேர்வழி:
அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் சென்டெனியல் பூங்காவில், கிரேக்க நாட்டு ஏதென்ஸின் பழங்காலப் பார்த்தினான் கோயிலின் முழு அளவு நகல் நிற்கிறது. டென்னசி மாநிலத்தின் நூற்றாண்டுப் பொருட்காட்சிக்காக 1897-இல் செங்கல், மரம், பிளாஸ்டர் வைத்துக் கட்டியது. காட்சி முடிந்தால் பிரிக்க வேண்டிய சினிமா செட்தான். ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போனதால் விட்டுவைத்தார்கள். அது சிதிலமானதும் 1920-களில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். இதைப் போய்ப் பாரம்பரியச் சின்னம் என்று கொண்டாடுவது எனக்கு உறுத்துகிறது.

தூணடி:
ஏதென்ஸில் இப்போது என்ன மிச்சம் என்று யோசியுங்கள். 1687-இல் உள்ளே துருக்கியர் வெடிமருந்து வைத்திருக்க, வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறிவிட்டது. மிஞ்சிய சிற்பங்களில் பாதியளவு எல்கின் பிரபு என்ற பிரிட்டிஷ் தூதர் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தது. கூரை இல்லை, கருவறை இல்லை, சிலையும் இல்லை. அந்தக் கோயிலை எழுப்பியதே உள்ளே நின்ற ஏதெனா தேவிக்காக! நாஷ்வில்லில் 1990-இல் சிற்பி ஆலன் லெக்வயர் செய்த சுமார் 42 அடி ஏதெனா உள்ளே நிற்கிறாள். அவள் கையில் நிற்கும் வெற்றித்தேவதையே ஓர் ஆள் உயரம். அண்ணாந்து பார்த்தால்தான் அந்த மண்டபம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது புரியும். எந்தப் புத்தகப் படமும் அதைச் சொல்லாது.

கறார்பேர்வழி:
எந்த ஏதெனா? பழங்காலச் சிற்பி ஃபிடியாஸ் செய்த மூலச் சிலை தந்தமும் பொன்னும். இது ஜிப்சமும் கண்ணாடி இழையும், 2002-இல் மேலே பொன் தகடு. மூலச் சிலையை இன்று யாரும் பார்த்ததில்லை. பழங்காலக் கிரேக்கப் பயணி பாசேனியஸ் எழுதிவைத்த வர்ணனை, ரோமானியர் காலத்துச் சின்னச் சின்னப் பிரதிகள், இவற்றை வைத்துச் செய்த ஊகம். ஊகத்தை 42 அடிக்கு வளர்த்தால் பார்க்கிறவர் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

தூணடி:
ஊகம் என்று பலகை வைத்தால் போச்சு. அதற்காகச் சிலையே வேண்டாமா?

ஓரமாய்நிற்பவன்:
இரண்டு பேரும் கவனிக்காத ஒன்று, நிறம். பழைய பார்த்தினானின் சிற்பங்களுக்கு நீலம், சிவப்பு எல்லாம் பூசியிருந்தார்கள். நாஷ்வில் கட்டடத்தின் வெளிப்புறம் பெரும்பாலும் மணல் நிறக் கான்கிரீட். ஏதெனாவுக்கு வண்ணம் பூசினார்கள், வெளியே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இது எந்தக் காலத்து பார்த்தினான்? கி.மு. 438-இல் கும்பிட்டது போலவும் இல்லை, இன்று மலைமேல் நிற்கும் இடிபாடு போலவும் இல்லை.

தூணடி:
நியாயமான கேள்வி. ஆனாலும் தூண்களின் நடுப்பகுதி லேசாகப் புடைப்பது, தரை நடுவில் மேலெழும்புவது போன்ற நுணுக்கங்களைக் கான்கிரீட்டிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். செட் போடுகிறவர் அந்தக் கஷ்டமெல்லாம் படமாட்டார்.

கறார்பேர்வழி:
நுணுக்கத்தை ஒப்புக்கொள்கிறேன். இடம்? அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஊருக்கே தெரியும்படி நின்ற கோயில் அது. இங்கே சமதளப் புல்வெளி, பக்கத்தில் சின்ன ஏரி. ஏறிப்போய்க் கும்பிட வேண்டிய சாமியைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

ஓரமாய்நிற்பவன்:
அதனால்தான் ஜனங்கள் அதன் படிக்கட்டில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ஏதென்ஸில் உட்கார்ந்து பாருங்கள், காவலர் விசில் அடிப்பார்.

தூணடி:
இன்னொன்று விட்டுப்போச்சு. உள்ளே முகப்புச் சிற்பங்களின் அச்சு வார்ப்புகள் இருக்கின்றன, மூலத்திலிருந்தே எடுத்தவை. லண்டனில் ஒரு பாதி, ஏதென்ஸில் ஒரு பாதி என்று பிரிந்து கிடப்பதை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

கறார்பேர்வழி:
வார்ப்புகளுக்காக வேண்டுமானால் வருகிறேன். பொன் தகடு ஏதெனா பக்கம் திரும்பமாட்டேன்.

தூணடி:
42 அடி. திரும்பாமல் எப்படித் தப்பிப்பீர்கள் என்று பார்க்கிறேன்.