கர்ப்பமும் தாதி வேலையும்: எழுதிக் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும்

கொட்டாஞ்சேனைத் தாதி:

கொழும்பில் தனியார் வைத்தியசாலையொன்றில், சத்திரசிகிச்சை வார்ட்டில் வேலை. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப்பக்கம் கீழே கிடப்பதாகச் சொன்னார்கள்; அடுத்த வாரமே இரத்தப்போக்கு. பாரம் தூக்கக்கூடாது, நீண்ட நேரம் நிற்கக்கூடாது என்று வைத்தியர் எழுதித் தந்தார். சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து வருகிறவர்களைத் தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுகிற வார்ட்டில் பாரம் தூக்காமல் எப்படி வேலை செய்வது? இந்தத் தாதியர் குழுவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்கப் போனேன். மேட்ரன் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று என் பெயரோடு அச்சடித்து, திகதிக்கும் கையொப்பத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். நான் கேட்கப் போவதற்கு முன்பே தயாராகிவிட்ட தாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். "பேனா இருக்கிறதா மகள்?" என்று அத்தனை கனிவாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டு வாடகையில் பாதி என் சம்பளத்தில்தான் போகிறது. இன்னும் முடிவெடுக்கவில்லை.

வெள்ளவத்தை அம்மா:

நான் விலகல் எழுதிக் கொடுத்தவள். எனக்கு வாந்தி. மூன்று மாதத்தில் நின்றுவிடும் என்றார்கள், நிற்கவில்லை. சேலைன் ஏற்றுவதற்காக என் வார்ட்டிலேயே நோயாளியாகப் படுத்திருக்கிறேன். ஸ்பிரிட் வாடை ஆகாத தாதியை வைத்து யார் என்ன செய்வார்கள்?

ஒரு நாள் காலை, மயக்கமருந்து தெளிந்து வாந்தியெடுத்த ஓர் அம்மாவுக்குக் கிட்னி ட்ரேயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முடித்ததும் அதே ட்ரேயில் நானும் எடுத்துவிட்டேன். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் என் முதுகைத் தடவி, "எத்தனை மாதம் மிஸி?" என்று கேட்டார் அவர். அந்த வாரமே கடிதம் கொடுத்தேன். பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. நான் வேலைக்குத் திரும்பவில்லை, அது வேறு கதை.

தெஹிவளைத் தாதி (ஆண், அரச சேவை):

என் மனைவியும் தனியாரில் தாதியாக இருந்தவள். ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறியபோது அவளிடமும் இப்படியொரு தாளை நீட்டினார்கள். வாசிக்கக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லித் தாளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

வெள்ளவத்தை அக்கா அவசரப்பட்டுவிட்டார் என்பதே என் எண்ணம். கொட்டாஞ்சேனைத் தங்கை, நீங்கள் கையொப்பமிட வேண்டாம். இலங்கையில் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் இருக்கின்றன. கர்ப்பத்தையோ அதனால் வந்த நோயையோ மட்டும் காரணம் காட்டி உங்களை நீக்க முடியாது. அதனால்தான் நீக்காமல், உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். 'சொந்தக் காரணம்' என்று நீங்களே கையொப்பமிட்ட பிறகு நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துப் படியேறினாலும் உங்கள் பக்கத்தை நிறுவுவது கடினம். 84 நாள் சம்பளத்துடனான விடுமுறையும் போய்விடும். மூன்றாம் பிள்ளை முதல் 42 நாள் என்றிருந்ததைக்கூட 2018இல் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதில் பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம்தான். ஐந்தாம் மாதத்தில் நோய் வந்தால் சட்டம் கையை விரிக்கும். சம்பளமில்லா விடுமுறைதான் கேட்க வேண்டும். வைத்தியச் சான்றிதழை இணைத்துப் பதிவுத் தபாலில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, எத்தனை ஆண்டு சேவை? 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. ஐந்தாண்டு நெருங்கும் நேரத்தில் தாள் நீட்டுகிறார்களா என்று கணக்குப் பாருங்கள். சேமலாப நிதி எங்கும் போகாது, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பொரளை, ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தம்பி, சட்டம் எனக்கும் தெரியும். யாருக்கு எந்த நேர வேலை என்று ரோஸ்டர் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்களின் பெயர்களை வெட்டி வெட்டி மிஞ்சிய ரோஸ்டரைச் சொல்கிறேன்.

கர்ப்பிணிப் பிள்ளை ஒருத்தியின் இரவு வேலைகளை எடுத்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். மறுநாள் இன்னொரு தாதி ரோஸ்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். "எனக்குக் கரு கலைந்தபோது யார் மாற்றிக் கொடுத்தார்கள் சிஸ்டர்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் ரோஸ்டரை மாற்றவுமில்லை, அவளுக்குப் பதில் சொல்லவுமில்லை. அவள் அந்த இரவுகளை ஒன்றும் விடாமல் செய்து முடித்தாள். அரை உயிரோடு ஓடும் வார்ட்டில் ஒருத்திக்குக் காட்டும் இரக்கம் இன்னொருத்தியின் தலையில்தான் விழுகிறது. சட்டப் புத்தகத்தில் அந்த இன்னொருத்திக்குப் பக்கம் இல்லை.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு: மேட்ரன் செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. 32 வாரத்தில் ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார். ஐந்தாம் மாதத்தில் கீழே கிடக்கும் நஞ்சுக்கொடி பெரும்பாலும் அதற்குள் மேலே போய்விடும். அதுவரை தாம்பத்திய உறவு வேண்டாம். இரத்தம் பட்டால் எந்த நேரமானாலும் ஓடு, 'டியூட்டி முடியட்டும்' என்று நிற்காதே. கட்டிலோடு கிட என்று சொல்லும் மாமியார்களையும் முழுதாக நம்பாதே. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், அதை நீயே வார்ட்டில் பார்த்திருப்பாய்.

கொட்டாஞ்சேனைத் தாதி:

நன்றி சிஸ்டர். அண்ணா, ஐந்தாண்டு முடிய ஜனவரி வரை இருக்கிறது. கணவர் விட்டுவிடச் சொல்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். இப்போதைக்குச் சம்பளமில்லா விடுமுறை கேட்டு எழுதப் போகிறேன்.

வெள்ளவத்தை அம்மா:

தெஹிவளைத் தம்பி, நான் அவசரப்பட்டதாகவே இருக்கட்டும். கண்ணாடி இல்லையென்று சொன்ன உங்கள் மனைவி பிறகு அங்கே வேலை செய்தாரா? அதைச் சொல்லாமலே சட்டத்துக்குப் போய்விட்டீர்களே.

தெஹிவளைத் தாதி:

இல்லை அக்கா. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது விட்டுவிட்டாள். ஆனால் 84 நாள் சம்பளத்தையும் பணிக்கொடையையும் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.