புது மஹிந்திரா தார் டெலிவரி எடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

பள்ளிக்கரணைவாசி:
வணக்கம் மக்களே. ஆனி மாசம் புக் பண்ண தார் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போறது) டீசல் மேனுவல், வண்டி யார்டுக்கு (டீலர் புது வண்டிங்கள நிறுத்தி வெக்கற இடம்) வந்துடுச்சுன்னு நேத்து ஷோரூம்ல இருந்து போன் வந்துச்சு. ஆடி முடியட்டும்னு வீட்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க, அதனால ஆவணி முதல் வாரத்துல எடுக்கலாம்னு இருக்கோம். ஆனா சேல்ஸ் தம்பி "சார் பேலன்ஸ் இப்பவே போட்டுடுங்க, ரிஜிஸ்ட்ரேஷன் முடிச்சு ரெடியா வெச்சிடறோம், நீங்க பூஜைக்கு வந்தா போதும்"ங்கறார். நல்ல பையன்தான், ஆனா வண்டிய கண்ணுலயே பாக்காம முழு பணமும் போட மனசு வரல, பாதிக்கு மேல லோன் வேற.

இதுவரைக்கும் சின்ன கார்தான் ஓட்டிருக்கேன், ஃபோர் பை ஃபோர் இதான் முதல் தடவ. மாமனார் ஊரு கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அதுக்கு மேலயும் மண் ரோட்டுல போகணும், மழைன்னா அங்க சாதா கார் நகராது, அதுக்காகத்தான் இந்த வண்டியே. அந்த ஃபோர் பை ஃபோர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு டெலிவரிக்கு முன்னாடியே எப்படி தெரிஞ்சுக்கறது? பெயிண்ட், லைட், ஏசி இதெல்லாம் நானே பாத்துப்பேன், அடியில என்ன பாக்கணும்னுதான் சுத்தமா தெரியல.

போரூர் டீசல்:
பிரதர், வண்டிய பாக்கற நாள் வேற, பூஜை போட்டு எடுக்கற நாள் வேற. இத மட்டும் எந்த காரணத்துக்காகவும் ஒண்ணாக்கிடாதீங்க. நாலு வருஷம் முன்னாடி நான் ஒரு எஸ்யூவி எடுத்தேன், கம்பெனி பேரு இங்க வேணாம், அம்மா அப்பா தங்கச்சி குழந்தைங்கன்னு மொத்த குடும்பமும் ஷோரூம்ல நிக்குது, ராகு காலம் ஆரம்பிக்க இருபது நிமிஷம்தான் இருக்கு, எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில வெச்சாச்சு, அந்த நேரத்துல பேப்பர நீட்டினாங்க, நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன். மறுநாள் வீட்ல பானெட்ட தொறந்து பாத்தா வலது பக்க ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) போல்ட் மூணுலயும் பெயிண்ட் உரிஞ்சிருக்கு, ஸ்பேனர் போட்ட தடம். அதாவது அந்த ஃபெண்டர கழட்டி பெயிண்ட் அடிச்சு திரும்ப மாட்டிருக்காங்க. போய் கேட்டா "சார் நீங்க பாத்து கையெழுத்து போட்டுதான எடுத்தீங்க"ன்னு ஒரே பதில். வண்டி என் பேர்ல ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் யாரும் மாத்தி தர மாட்டாங்க, இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

அதனால பேலன்ஸ் போடறதுக்கு முன்னாடி, இன்வாய்ஸ் அடிக்கறதுக்கு முன்னாடி, வின் நம்பர (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற அடையாள எண்) மெசேஜ்ல வாங்குங்க. மொத்தம் 17 இடம், அதுல 10-ஆவது எழுத்துதான் வருஷம், ஆர்-னா 2024, எஸ்-னா 2025, டி-ன்னா 2026. யார்டுல சேசிஸ்ல அடிச்சிருக்கற நம்பரும் மெசேஜ்ல வந்த நம்பரும் ஒண்ணான்னு ஒவ்வொரு எழுத்தா பாருங்க, அதே நம்பர்தான் ஃபார்ம் 21 (விற்பனை சான்று), ஃபார்ம் 22 (வண்டி ரோட்டுல ஓட தகுதின்னு கம்பெனி தர்ற சான்று), இன்ஷூரன்ஸ் எல்லாத்துலயும் வரணும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2325-ன்னா 2025-ல 23-ஆவது வாரம் செஞ்ச டயர். அஞ்சு டயரும் கிட்டத்தட்ட ஒரே காலமா இருக்கணும், ஸ்டெப்னி மட்டும் ரொம்ப பழசா இருந்தா ஏன்னு கேளுங்க. கிலோமீட்டர் 50-க்குள்ள இருந்தா பரவால்ல, நாசிக்ல இருந்து லாரிலதான் வருது, 100-அ தாண்டிருந்தா யாரு ஓட்டினா எதுக்கு ஓட்டினான்னு பதில் வாங்காம விடாதீங்க.

பகல் வெளிச்சத்துல போங்க, முக்கியமா கருப்பு கலர்னா. சாயங்காலம் ஷோரூம் லைட்டுக்கு கீழ எல்லா வண்டியும் அழகாதான் தெரியும்.

செங்கல்பட்டு மண்ரோடு:
தம்பி கேட்ட முக்கியமான கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். கியர் லீவர் பக்கத்துல இருக்கற இன்னொரு சின்ன லீவர்ல டூ ஹெச் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்), ஃபோர் ஹெச் (நாலு சக்கரமும், சாதா வேகம்), நியூட்ரல், ஃபோர் எல் (நாலு சக்கரமும், மெதுவா ஆனா இழுவை அதிகம்)-னு இருக்கும். ஷோரூம் வாசல் சிமெண்ட் தரையில ஃபோர் ஹெச் போட்டு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வட்டமடிச்சு காட்டறேன்னு யாராவது சொன்னா உடனே நிறுத்துங்க. இதுல நடுவுல டிஃபரன்ஷியல் (சக்கரங்கள வேற வேற வேகத்துல சுத்த விடற கியர் செட்) கிடையாது, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தியே ஆகணும், ஆனா திரும்பும்போது முன்சக்கரத்துக்கு தூரம் அதிகம். மண்ணா இருந்தா சக்கரம் லேசா சறுக்கி அந்த வித்தியாசத்த சரி பண்ணிக்கும், காய்ஞ்ச தார் ரோட்டுலயும் சிமெண்ட்லயும் சறுக்க வழியில்ல, அந்த முறுக்கு பூரா ஷாஃப்ட்லயும் கியர்லயும் போய் ஏறும். புது வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

யார்டு நிறைய இடத்துல மண்ணும் ஜல்லியுமாதான் கிடக்கும், அங்கயே டெஸ்ட் பண்ணிக்கலாம். மொதல்ல வண்டிய முழுசா நிறுத்தி, கிளட்ச் மிதிச்சு, கியர் நியூட்ரல்ல வெச்சு ஃபோர் எல் போடுங்க. மீட்டர்ல ஃபோர் எல் லைட் சிமிட்டாம நின்னு எரியணும். முதல் கியர்ல ஆக்ஸிலரேட்டர் மேல கால் வைக்காம கிளட்ச மட்டும் விடுங்க, வண்டி ஆமை மாதிரி ஆனா உறுதியா நகரும், கடகடன்னு சத்தமோ இழுப்போ இருக்கக் கூடாது. அப்புறம் ஃபோர் ஹெச்ல நேரா ஒரு பத்து இருபது மீட்டர், பின்னாடி ஒரு தடவ, அவ்ளோதான். லீவர் விழலன்னா முரட்டுத்தனமா தள்ளாதீங்க, வண்டிய ஒரு அடி உருட்டிட்டு போட்டா தானா விழும். டூ ஹெச்சுக்கு வந்தும் லைட் அணையலன்னா நாலடி ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விட்டுடும்.

அடியில பாக்க ஒரு பழைய பாயும் நல்ல டார்ச்சும் எடுத்துட்டு போங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்திய முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு அனுப்பற பெட்டி), முன்னாடி பின்னாடி டிஃபரன்ஷியல், அங்கிருந்து முன்னாடியும் பின்னாடியும் போற ரெண்டு நீள தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், சேர்ற இடம், கை வைங்க, ஈரமா எண்ணெய் ஒட்டக் கூடாது. பிரேக் டிஸ்க்ல லேசா துரு இருந்தா பயப்படாதீங்க, நம்ம ஊரு கடல் காத்துக்கு ரெண்டு நாள் நின்னாலே வரும், நாலு பிரேக் அடிச்சா போயிடும். வெல்டிங் போட்ட ஓரத்துல துரு பொங்கி நின்னா அது வேற விஷயம், அந்த வண்டி வேணாம்.

வேளச்சேரி அக்கா:
2023 மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல நின்ன தண்ணிய பாத்தவ நான், அதனால ஒண்ணு சொல்றேன். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, தண்ணில நின்ன வண்டின்னா உள்சுருட்டுல சேறு கறை இருக்கும். சீட்டுக்கு அடியில இருக்கற தண்டவாளத்துலயும் கார்பெட்ட தூக்கியும் பாருங்க. புது வண்டி வாசனைக்கு பதிலா ஈரத்துணி வாடை அடிச்சா விட்டுடுங்க.

இன்னொண்ணு, மேல்கூரை ஜாயிண்ட்லயும் கதவுலயும் ஹோஸ் வெச்சு பத்து நிமிஷம் தண்ணி அடிக்க சொல்லி, நீங்க உள்ள உக்காந்துக்கோங்க. அலுத்துப்பாங்க, பரவாயில்ல. ஐப்பசி மழை ஆரம்பிச்சப்புறம் ஒழுகுதுன்னு தெரிஞ்சா சர்வீஸ் சென்டருக்கும் வீட்டுக்கும் அலையணும்.

பள்ளிக்கரணைவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காலைலயே போன் பண்ணி, வண்டிய பாத்தப்புறம்தான் பேலன்ஸ்னு சொல்லிட்டேன். மொதல்ல "யார்டுக்கு கஸ்டமர விட மாட்டோம்"னாங்க, சரி அப்ப ஷோரூமுக்கு கொண்டு வந்து காட்டுங்கன்னு நின்னேன், மேனேஜர் கிட்ட கேட்டுட்டு சனிக்கிழமை 10 மணிக்கு யார்டுக்கே வர சொல்லிருக்காங்க. வின் நம்பரும் வந்துடுச்சு, 10-ஆவது எழுத்து சரியா இருக்கு. பாய், டார்ச் எடுத்து வெச்சாச்சு. மெக்கானிக் ஃப்ரெண்டு ஒருத்தனும் கூட வரான்.

செங்கல்பட்டு மண்ரோடு:
நல்லது தம்பி. வெள்ளிக்கிழமையே போன் பண்ணி, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடுங்க. ராத்திரி பூரா நின்ன டீசல் இன்ஜின் மொத தடவ கிளம்பற சத்தத்தையும் புகையையும் நீங்களே கேக்கணும், பாக்கணும். போன உடனே பானெட்ல கை வெச்சு பாருங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஓட்டிட்டாங்க, ஆற விட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க.