துணியை விடு, சுவரைப் பார்

கதிர்: எல்லோருக்கும் காலை வணக்கம். ராத்திரி அடித்த காற்றில் எங்கள் மோட்டார்ஹோமின் ஆனிங், அதான் வண்டிப் பக்கத்தில் நிழலுக்கு விரிக்கிற துணிப் பந்தல், போய்விட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம்.

கதிர்: (4 படங்கள்)

சித்தி: ஐயோ! பிள்ளைகள் உள்ளேயா இருந்தார்கள்?

அகிலா: எல்லோரும் உள்ளேதான் சித்தி. கூரையில் யாரோ கட்டையால் அடிக்கிற மாதிரி சத்தம். சின்னவள் கொஞ்சம் அழுதாள், இப்போது தூங்குகிறாள்.

நிலா: அண்ணா, ஆனிங்கை விரித்தா வைத்திருந்தீர்கள்?

கதிர்: இல்லை நிலா. சாயங்காலமே சுருட்டிப் பூட்டியாயிற்று. காற்றுதான் பிரித்துவிட்டது.

முத்து மாமா: அப்படி நடப்பதுண்டு. சுருட்டிய உருளைக்கும் சுவருக்கும் நடுவில் மேலே கொஞ்சம் துணி வெளியே தெரியும். அந்த இடுக்கில் காற்று புகுந்து துணியைத் தூக்கித் தூக்கி அடிக்கும். உருளையின் பூட்டுப் பல் தேய்ந்திருந்தால் அவ்வளவுதான், மொத்தமும் பிரிந்து வெளியே வந்துவிடும். இரு, படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

முத்து மாமா: கதிர், எதையும் கழற்றாதே. உருளையின் இரண்டு முனையிலும் வட்ட மூடி இருக்கிறதே, அதைத் தொடவே தொடாதே. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

கதிர்: தொடவில்லை மாமா. மேலே, துணியைச் சுவரில் பிடித்திருக்கும் ரெயில் ஓரமாக இரண்டு சாண் நீளத்துக்குத் துணி கிழிந்திருக்கிறது. அதை முதலில் ஒட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்து மாமா: துணியை விடு, சுவரைப் பார். மூன்றாவது படத்தில், உருளையைத் தாங்குகிற முன்பக்கக் கை சுவரைவிட்டு வெளியே வந்து நிற்கிறது. அந்த இடத்தைக் கிட்டப் போய் எடுத்து அனுப்பு.

கதிர்: (படம்)

கதிர்: அந்தக் கையின் அடியைச் சுவரோடு பிடிக்கிற கீழ்த் தாங்கியின் இரண்டு திருகும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. ஒன்றின் மரையில் மர நார் சுற்றியிருக்கிறது, தொட்டால் ஈரமாக இருக்கிறது.

முத்து மாமா: நார் என்ன நிறம்?

கதிர்: வெளிர் நிறம்தான். புது மரம் மாதிரி.

முத்து மாமா: நல்லது. கறுத்துப் பொடியாக வந்தால் உள்ளே ஏற்கெனவே உளுத்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய திருப்புளி ஒன்றை எடுத்துத் துளைக்குள் லேசாகக் குத்திப் பார். பொதுக்கென்று இறங்குகிறதா?

கதிர்: இல்லை, கெட்டியாகத் தடுக்கிறது.

முத்து மாமா: அப்படியானால் பிழைத்தோம். துணி ஒரு மாதம் கிழிந்தே கிடந்தாலும் பாதகமில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது. வெளியே மெல்லிய கண்ணாடியிழைத் தகடு, உள்ளே நுரை, நடுநடுவே மரச் சட்டம், இதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய சுவர் அது. ஓட்டை வழியாகப் போகிற மழைத் தண்ணீர் உடனே எங்கும் தெரியாது. மாதக் கணக்கில் சட்டத்தை ஊறவைத்துவிட்டு ஒரு நாள் வெளித்தகடு உப்பிக்கொண்டு நிற்கும். அப்போது பக்கச் சுவரையே பிரிக்க வேண்டியதுதான்.

கதிர்: இப்போதே பசை வைத்து அடைத்துவிடட்டுமா?

முத்து மாமா: வேண்டாம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் நாமே ஊறப் போட்டது போலாகும். வெளியே துடைத்துவிட்டு ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வை. மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும் டேப் ஒட்டு, கீழ்ப்பக்கம் திறந்திருக்கட்டும். மழை உள்ளே போகாது, ஈரம் வெளியே வரும். நன்றாகக் காய்ந்த பிறகு அடைத்துக்கொள்ளலாம்.

நிலா: அதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள் அண்ணா. காப்பீட்டுக்கு வேண்டும். தூரத்திலிருந்து முழு வண்டி, அப்புறம் ஒவ்வொரு சேதமும் கிட்டத்தில். பிடுங்கி வந்த திருகுகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

முத்து மாமா: சரியாகச் சொன்னாய். அகிலா, கூரையில் சத்தம் கேட்டது என்றாயே, யாராவது மேலே பார்த்தீர்களா?

அகிலா: இல்லை மாமா. கிளை விழுந்திருக்கும் என்று நினைத்தோம்.

முத்து மாமா: கிளையாக இருக்காது. பிரிந்த உருளை காற்றில் எகிறி கூரைமேல் விழுந்து விழுந்து அடித்திருக்கும். ஏணி வைத்துப் பாருங்கள். கூரை ஈரமாக இருந்தால் மேலே ஏற வேண்டாம், ஏணியில் நின்றே பார்த்தால் போதும்.

அகிலா: (2 படங்கள்)

அகிலா: நீங்கள் சொன்னது சரிதான் மாமா. காற்றுப் போக்கி மூடியின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. அதன் பக்கத்தில் கூரை ரப்பர் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை அழுத்தினால் உள்ளே பலகை தெரிகிறது.

முத்து மாமா: இன்றைக்கு இதுதான் முதல் வேலை. நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். கூரைக்கென்றே விற்கிற பியூட்டில் ஒட்டுப்பட்டையை வெட்டைத் தாண்டி நாலு பக்கமும் வருகிற மாதிரி வெட்டி ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர் மூலைதான் முதலில் கிளம்பும். சாதா சிலிக்கான் பசை மட்டும் வேண்டாம். அது ஒரு தடவை பட்ட இடத்தில் பின்னால் வேறு எந்தப் பசையும் பிடிக்காது, சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்கவும் கூடாது. ரப்பர் உப்பிவிடும்.

சித்தி: அண்ணா, அந்த மூடியைத் தொடாதே என்றாயே, அது என்ன?

முத்து மாமா: அதற்குத்தான் வருகிறேன். எல்லோரும் படியுங்கள், நிலா நீயும். உருளைக்குள் முறுக்கு ஸ்பிரிங் இருக்கிறது. ஆனிங் தானாகச் சுருண்டுகொள்வது அதன் விசையால்தான். பொருத்தும்போதே பல சுற்று முறுக்கி வைத்திருப்பார்கள். துணியை இழுக்க இழுக்க இன்னும் முறுக்கு ஏறும். கதிரின் ஆனிங் இப்போது முழுதாக வெளியே வந்து நிற்கிறது, அதாவது ஸ்பிரிங் உச்ச முறுக்கில் இருக்கிறது. உருளையின் முனையைக் கையோடு பிடித்திருக்கும் போல்ட்டை அந்த நிலையில் கழற்றினால் மூடி கண்மூடித் திறப்பதற்குள் சுழலும். விரல் போகும், மணிக்கட்டு முறியும். துணி கிழிந்து தொங்குவதால் விசை போய்விட்டது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். போகவில்லை.

சித்தி: கதிர், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே.

கதிர்: விடவில்லை சித்தி. கயிறு கட்டித் தடுத்துவிட்டேன். மாமா, அப்படியானால் எப்படித்தான் கழற்றுவது?

முத்து மாமா: பல மாடல்களில் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் துளையும் அதுவும் நேராக வரும்போது காட்டர் பின் (முனையை மடக்கிவிடுகிற இரட்டைக் கம்பி ஊசி) ஒன்றைச் செருகினால் ஸ்பிரிங் அசையாது. அதன் பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். துளை எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்க்காமல் செய்யக் கூடாது. முறுக்கை இறக்கும்போது எத்தனை சுற்று, எந்தத் திசை என்று எழுதி வைக்க வேண்டும். இடது முனைக்கும் வலது முனைக்கும் திசை எதிரெதிர். திரும்பப் பொருத்தும்போது அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

நிலா: எங்களுடையது பெட்டிக்குள் மடங்கிப் போகிற வகை மாமா. அதிலும் இப்படியா?

முத்து மாமா: அதில் உருளையைவிட மடிகிற கைகளில்தான் விசை. கழற்றுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் மடித்து, பட்டை போட்டுக் கட்டிவிட வேண்டும். மோட்டாரில் ஓடுகிறதென்றால் ஃபியூஸையும் எடுத்துவிடு.

கதிர்: வளைந்த கையைத் தட்டி நிமிர்த்திவிடலாமா மாமா? கொஞ்சம்தான் வளைந்திருக்கிறது.

முத்து மாமா: கூடாது. அலுமினியம் ஒரு தடவை மடிந்து நிமிர்ந்தால் மடிந்த இடத்தில் வெடிப்பு விடும். மேலும் அந்தக் கைக்குள் இன்னொரு கை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், துளி கோணல் இருந்தாலும் சிக்கும். அந்த ஒரு கையை மட்டும் புதிதாக வாங்கிப் போடு. இடது வேறு, வலது வேறு. பார்த்து வாங்க வேண்டும்.

நிலா: காற்று மணிக்கு 60 கி.மீ.தான் என்று போட்டிருந்தார்கள். அதற்கே இப்படியா?

முத்து மாமா: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்காகும். ஆனிங் 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள், 10 சதுர மீட்டர் துணி. அதன்மேல் 30 கி.மீ. காற்று நேராக அடித்தால் சுமார் 43 கிலோ பாரம் தள்ளுகிற மாதிரி. 60 கி.மீ. என்றால் 170 கிலோவுக்கு மேல். அதுவும் சீராகத் தள்ளாது, விட்டு விட்டு உதறும். கீழ்த் தாங்கிக்கு இருப்பது இரண்டே திருகு.

கதிர்: இப்போது வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வருவது?

முத்து மாமா: ஆனிங் கட்டுக்குள் வராமல் வண்டியை நகர்த்தவே கூடாது. சாலையில் பிரிந்தால் பின்னால் வருகிறவர் கதி என்ன? பக்கத்தில் நிற்பவர்கள் யாரையாவது கூப்பிடு, உருளையின் இரண்டு முனைக்கும் ஒவ்வொருவர் வேண்டும். முறுக்கு இழுக்கும், அதனால் பிடியை விடாமல் கையாலேயே மெதுவாகச் சுருட்டிக்கொண்டு போங்கள். சுவரோடு ஒட்டியதும், பிடியை ஆட்டி இறுக்குகிற ராட்செட் பட்டையால் மூன்று நான்கு இடத்தில் இறுக்கு. முன்பக்கக் கையை உருளையோடு சேர்த்துத் தனியாகக் கட்டு. அசைத்துப் பார்த்து ஆடினால் அங்கேயே நில்லுங்கள், நான் வருகிறேன்.

அகிலா: துணி என்ன ஆகும் மாமா? புதிதாகவே வாங்க வேண்டுமா?

முத்து மாமா: நடுவில் கிழிந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டு ஓட்டிவிடலாம். இது ரெயில் ஓரம். மொத்தத் துணியும் தொங்குவது அந்த ஓரத்தில்தான், ஒட்டு நிற்காது. ஆனால் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, அதைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. கிழிந்த பட்டையை நீளவாக்கில் வெட்டிவிட்டு, ரெயிலில் நுழைகிற நாடாவைப் புதிதாக வைத்துத் தைக்கலாம். ஆனிங் ஒரு சாண் குட்டையாகும், நிழலுக்கு ஒன்றும் குறைவில்லை. தார்ப்பாய் தைக்கிறவர்களிடம் கொடு. வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல் என்று சொல்லிக் கொடு. பருத்தி நூல் நனைந்து நனைந்து மக்கிவிடும்.

கதிர்: கூரையில் பட்டை ஒட்டியாயிற்று மாமா. சுவர் ஓட்டைக்கும் தாள் போட்டாயிற்று. பக்கத்து வண்டிக்காரர் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள், சுருட்டி நாலு பட்டை போட்டோம்.

கதிர்: (3 படங்கள்)

முத்து மாமா: பின்பக்கப் பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது பார், அவிழ்த்துத் தட்டையாகப் போடு. மற்றதெல்லாம் சரி. அசைகிறதா?

கதிர்: இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

முத்து மாமா: அப்படியானால் மெதுவாகக் கிளம்பி வா. கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு தடவை நிறுத்திப் பட்டையை இறுக்கு. புதிதாகக் கட்டிய பட்டை முதலில் கொஞ்சம் இளகும். கையின் உள்பக்கமோ உருளை மூடியிலோ மாடல் எண் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. கை எந்த நீளம் என்று பார்த்துவிடுகிறேன்.

கதிர்: (படம்)

முத்து மாமா: தெரிகிறது. வண்டிக்கு வெளியே நின்று பார்த்தால் வளைந்தது வலது கையா, இடது கையா?

கதிர்: வெளியே நின்று பார்த்தால் வலது.

முத்து மாமா: சரி. சனிக்கிழமை வருகிறேன், காட்டர் பின் நான் கொண்டுவருகிறேன். கையேட்டை மட்டும் எடுத்து வை.