பாங்காக் உண்மையிலேயே மலிவு ஊரா?

கூடல்நகரான்:
கையில் காசு குறைவாக இருப்பவர்களிடம் பாங்காக் போங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்களே, அதைக் கொஞ்சம் நிறுத்தலாம். இப்போதுதான் போய்விட்டு வந்தேன். மலிவு விடுதிகள் நிறைந்த காவோ சான் சாலைப் பக்கம் தங்கினேன். விடிய விடியப் பாட்டு, அறைச் சுவரே அதிர்கிறது. மீட்டர் 35 பாத்தில் (தாய்லாந்துக் காசு) தொடங்க வேண்டிய டாக்சியில் மொத்தமாக 300 கேட்கிறார்கள். அரண்மனைக்கு நடந்து போனால், நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று மூடியிருக்கிறது, துக்துக் ஆட்டோவில் வேறு கோயில்களைக் காட்டுகிறேன், 20 பாத் போதும்" என்கிறார். அந்த வண்டி போய் நிற்பது ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும். இவர்களைத் தாண்டி உள்ளே போனால் வெளிநாட்டவருக்கு 500 பாத், உள்ளூர்காரருக்கு இலவசம். வாட் போ கோயிலில் இன்னொரு 300. வந்தவனை முதல் நாளே இப்படிக் கறக்கும் ஊரை எப்படி மலிவு என்பது?

நீர்வழி:
நீங்கள் சொன்ன எல்லாமே அங்கே நடக்கிறதுதான், நண்பரே. ஆனால் நடப்பது பழைய நகரத்தில், அதற்கும் காரணம் இருக்கிறது. பிடிஎஸ் மேம்பால ரயில் 1999லேயே வந்துவிட்டது, சுரங்க ரயில் 2004ல். இரண்டும் வணிகப் பகுதிகளான சீலோம், சுகும்வித் பக்கம்தான் ஓடின. அரண்மனைக்கு அருகே சனாம் சாய் நிலையம் திறந்தது 2019ல். காவோ சானுக்கு இன்றுவரை ரயில் கிடையாது, இப்போதுதான் அந்தப் பக்கம் சுரங்கம் தோண்டுகிறார்கள். ரயில் இல்லாத இடத்தில் டாக்சிக்காரர் வைத்ததுதான் விலை.

அந்த ஊரைத் தண்ணீர் வழியாகப் பார்க்க வேண்டும். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு 16 பாத். அதில் வாட் அருண் கோயில் துறைக்கும் போகலாம், பூச்சந்தைக்கும் போகலாம். ஆற்றை விட எனக்குப் பிடித்தது சென் செப் கால்வாய். 1837ல் தாய்லாந்து மன்னர் மூன்றாம் ராமர் காலத்தில் படைகளைக் கொண்டுபோக வெட்டத் தொடங்கியது, இன்று அலுவலகம் போகிறவர்களைச் சுமக்கிறது. தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகின் வெளி விளிம்பில் தொற்றிக்கொண்டே காசு வாங்குவார். எதிரே படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் திரையை உயர்த்துவார்கள், இல்லாவிட்டால் எல்லார் மேலும் தண்ணீர் தெறிக்கும். மக்கள் நெருக்கியடிக்கும் ஊரில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் திரை பிடிக்கிறார்கள். எனக்கு அதுதான் பாங்காக்.

சாரல்மழை:
அக்கா, அந்தத் தண்ணீரின் நாற்றத்தையும் சொல்லுங்கள். படகு துறையில் சில நொடிதான் நிற்கும், தாவித்தான் ஏற வேண்டும். முட்டிவலி உள்ள அம்மாவை அதில் எப்படி ஏற்றுவது? நடந்து போகலாம் என்றால் நடைபாதையில் பாதி மோட்டார் சைக்கிள். மதிய வெயிலோ மதுரைச் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை. காசு மிச்சப்படுத்த உடம்பில் தெம்பு வேண்டும், அது எல்லாருக்கும் இருப்பதில்லை. கட்டண விஷயத்தில் மட்டும் நான் பாங்காக் பக்கம். தாஜ்மகாலில் நாம் 50 ரூபாய் கொடுக்கிறோம், வெளிநாட்டவரிடம் 1100 வாங்குகிறோம்.

கூடல்நகரான்:
தாஜ்மகால் கணக்கை முழுதாகப் போடுங்கள். பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்கு அங்கே 540தான். தாய்லாந்தும் பிம்ஸ்டெக்கில் இருக்கிறது. அவர்களுக்கு நாம் பாதி விலை போடுகிறோம், நமக்கு அங்கே அந்தச் சலுகை உண்டா? ஐரோப்பியருக்கும் 500, நமக்கும் 500. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போகிறவனுக்கு அது பெரிய தொகை.

நீர்வழி:
சலுகை கேட்பது நியாயம், கேட்க வேண்டியதுதான். ஆனால் அரண்மனைக்குள் போகாவிட்டால் ஊரே பார்க்காதது போல ஆகிவிடுமா? சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குக் கட்டணம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைக்கப் போன தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே நம்மவர்களை விடத் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம், சாமந்தி மாலையோடு வந்து நிற்கிறார்கள்.

சாரல்மழை, அம்மாவோடு போனால் கால்வாய்ப் படகு வேண்டாம், ரயில் போதும். பல நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது.

கூடல்நகரான்:
இதெல்லாம் தெரிந்தவர்களுக்குச் சரி. முதல்முறை போகிறவன் மலிவு விடுதி தேடினால் வந்து விழுவது காவோ சான்தான். அவனுக்கு என்ன சொல்வீர்கள்?

நீர்வழி:
சென்னையிலிருந்து நள்ளிரவு விமானம் என்றால் விடிந்துதான் இறங்குவீர்கள், ரயில் ஓடத் தொடங்கியிருக்கும். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பயா தாய் நிலையம் வரை ரயிலில் 45 பாத். அங்கிருந்து பிடிஎஸ்ஸில் ஒரே நிலையம், ராச்சதேவி. விடுதியை அந்தப் பக்கம் போடுங்கள். ஹுவா சாங் படகுத்துறை நடக்கும் தூரம். அங்கே கால்வாய்ப் படகில் ஏறினால் பான்ஃபா துறையில் இறங்கலாம், காவோ சானுக்கு அங்கிருந்து நடந்தே போய், பார்த்துவிட்டு, தூங்க ராச்சதேவிக்கே திரும்பிவிடலாம். கடைசிப் படகு சாயங்காலமே போய்விடும், நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.