மறு: உள்ளூர் பாட்காஸ்டுக்கு ஒரு சொல்

வணக்கம். ஓர் ஊரைப் பற்றி இணையத்தில் வெளியாகும் ஒலி நிகழ்ச்சியை, அதாவது உள்ளூர் பாட்காஸ்டை, தமிழில் எப்படி அழைக்கலாம் என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்.

> பாட்காஸ்டுக்கு வலையொலி என்று ஏற்கெனவே இருக்கிறதே. முன்னால் ‘உள்ளூர்’ சேர்த்தால் போதாதா?

வலையொலியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் மூலச்சொல்லைவிட உருப்படியானது. 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரை ஒன்றில் ‘இதற்கு என்ன பெயர் வைக்கலாம்’ என்று போகிற போக்கில் மூன்று சொற்களைப் போட்டார். அதில் ஒன்றுதான் பாட்காஸ்டிங். அதில் உள்ள ‘பாட்’, ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாடிலிருந்து வந்தது. 2022-ல் ஐபாடே நின்றுபோய்விட்டது, அதன் பெயர் மட்டும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சு மொழி அலுவலகம் பாட்காஸ்டிங்கைப் பிரெஞ்சில் ‘பாலாடோடிஃப்யூசியோன்’ என்று ஆக்கிக் கொடுத்தது. மக்கள் அதை ‘பாலாடோ’ என்று நறுக்கிக்கொண்டார்கள். நீளமான ‘உள்ளூர் வலையொலி’க்கும் அந்தக் கதிதான் வரும்.

> ‘ஊர்க்குரல்’ எப்படி?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரின் குரல் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேரும் ஒரு மைக்கும் போதுமா? வானொலிக்கு அலைவரிசை வேண்டும், உரிமம் வேண்டும். பாட்காஸ்டுக்கு ஓர் ஒலிக்கோப்பும், புதிது வந்ததும் நேயரின் செயலிக்குத் தானாகத் தெரிவிக்கும் இணைய ஓடையும் (RSS feed) இருந்தால் சரி. யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை.

உள்ளூர் பாட்காஸ்டுகள் செய்கிற நல்ல காரியத்தை நான் மறுக்கவில்லை. உள்ளாட்சிக் கூட்டத்தில் குடிநீர்க் குழாய் பற்றி நடந்த வாக்குவாதம் நாளிதழில் இரண்டு வரி வந்தால் அதிகம். இங்கே யார் கேட்டார், யார் மழுப்பினார், எந்தத் தெரு விடுபட்டது என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். அடுத்த வாரம் ஒரு நேயர் குரல்பதிவு அனுப்புகிறார்: “நீங்க சொன்ன தெரு அது இல்லீங்க, அதுக்குப் பின்னாடி.” அதை வெட்டாமல் அப்படியே முதலில் போடுகிறார்கள். செய்தி வாசிப்புத் தமிழுக்குக் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தவர்கள், தங்கள் பேச்சுவழக்கே அங்கு ஒலிப்பதைக் கேட்டதும் துணிந்து பேசுகிறார்கள். அப்புறம் அடுத்த கூட்டத்தில் உறுப்பினரே “நீங்கள் பேசியதைக் கேட்டேன்” என்று தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சில மாதங்கள் போனால் பெரும்பாலும் அதே நான்கைந்து விருந்தினர்கள்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். பகை வேண்டாம் என்று சில விஷயங்களைத் தொடவே மாட்டார்கள். எல்லாரும் எல்லாரையும் தெரிந்த இடத்தில் அது இயல்புதான். ‘குரல்’ என்று பெயரிட்டுவிட்டால் அங்கே பேச இடம் கிடைக்காதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

என் முன்மொழிவு: ஊரொலி. வானொலி, வலையொலி வரிசையில் தானாக உட்கார்ந்துகொள்கிறது. ‘ஊர் என்ன சொல்லும்’ என்கிறோமே, அந்த ஊர் மக்கள்தானே? இடமும் ஆட்களும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ‘ஒலி’ யாருக்காகவும் பேசுவதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

> ஒலிபெருக்கிச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

வானொலி என்றதும் இடிச்சத்தமா நினைவுக்கு வருகிறது? பழகினால் சரியாகிவிடும்.

ஊரைவிட்டுப் போனவர்கள் ஊரைப் பற்றி நடத்துவதும் ஊரொலியா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே இருப்பவர்கள் கேட்டுப் பதில் சொல்கிறார்கள் என்றால் ஆம். வெளியே இருப்பவர்கள் மட்டும் கூடிப் பழையதை அசைபோட்டால் அது வலையொலி, அவ்வளவுதான். சமுதாய வானொலியை இதில் கலக்க வேண்டாம், அதற்கு நிலைத்த பெயர் இருக்கிறது.

எபிசோடுக்கு ‘அத்தியாயம்’ எனக்குப் புத்தக வாடை அடிக்கிறது. ‘பகுதி’ என்றால் முழுமை இல்லாதது போல் இருக்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோமா?